மிராந்தா வீட்டின் ஒன்பது மாலைகள்

என் கோபக்கார அப்பாவுக்கு,

சான் ஹோசேயிலிருந்து உங்கள் மகள் எழுதுகிறேன். நீங்கள் போய் இன்றோடு ஒரு வருடம். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். நேரில் சொல்ல வழியில்லாததால் இப்படி ஊரறிய எழுதுகிறேன். திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். பாதிப் பேச்சில் எழுந்து போகும் உங்கள் பழக்கம் இங்கே செல்லாது.

எந்த வாக்கு என்று மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது வீடியோ காலில் கேட்டீர்கள். "ஏட்டி மெர்லின், பிள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம். மிராந்தா என்னோட முடியட்டும்." சரிப்பா என்றேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுக்க நீங்கள் 'சூசை' என்று மட்டும்தான் கையெழுத்துப் போட்டீர்கள். "எந்தக் காலத்துலயோ ஒரு போர்ச்சுக்கீசியன் நம்ம ஆளுக தலையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினான். கூடவே அவன் பேரையும் ஊத்திட்டுக் கப்பலேறிட்டான். அதை நான் ஏன் சொமக்கணும்?" என்பீர்கள். என் பள்ளிச் சான்றிதழில் அந்தப் பெயரைச் சேர்த்தெழுதிய பங்குச் சாமியாரோடு எத்தனை வருடம் பேசாமல் இருந்தீர்கள்!

அந்தச் சான்றிதழ்தான் பாஸ்போர்ட் ஆனது, பாஸ்போர்ட்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. இந்த ஊருக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் சூசையப்பருடையது என்று சொன்னபோது மட்டும் சிரித்தீர்கள். "எம் பேருள்ள ஊர்லயா இருக்க? அப்பச் சரி."

நீங்கள் போன அன்று எனக்கு எட்டாம் மாதம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தேன். மண் போடுகிற நேரம் பார்த்து படம் அப்படியே நின்றுவிட்டது. பெற்ற அப்பாவுக்கு ஒரு பிடி மண் போடாத மகள் ஆகிவிட்டேன். ஏன்பா, இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

நான் அழுவதைப் பார்க்கமாட்டாமல் உங்கள் மருமகன் பிரபு, பக்கத்துக் கோவிலில் உங்களுக்காகப் பூசை வைக்க ஆன்லைனில் எழுதிக் கொடுத்தார். ஈரோட்டுக்காரர், நம் கோவில் வழக்கம் எதுவும் தெரியாது. என் பாஸ்போர்ட்டில் சூசைக்கு ஆங்கிலத்தில் ஜோசப் என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து ஜோசப் மிராந்தா, மகள் மெர்லின் மிராந்தா, வீட்டு முகவரி என்று கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டார். இங்கே கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஃபிலிப்பினோக்கள். தங்கள் ஆட்களில் யார் வீட்டிலாவது சாவு என்றால், ஒன்பது நாள் அந்த வீட்டுக்குப் போய் ஜெபமாலை சொல்வதற்கென்றே அவர்களில் ஒரு குழு இருக்கிறது. அவர்கள் கண்ணில் அந்தப் பெயர் பட்டுவிட்டது. அவர்கள் நாட்டை ஆண்ட ஸ்பானியர்களால் அங்கேயும் மிராந்தாக்கள் உண்டு.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் காலிங் பெல். திறந்தால் ஐந்து பெண்கள். ஒருத்தி கையில் குழந்தை இயேசு சொரூபம், இன்னொருத்தி கையில் பெரிய பாத்திரம். நான் நைட்டியில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன். என்னை அவர்கள் பார்த்தார்கள், அவர்களை நான் பார்த்தேன். "மிராந்தா வீடு?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். "ஃபிலிப்பினோ இல்லையா?" இல்லை, தமிழ் என்றேன். பின்னாலிருந்து பிரபு, "யாரு இவங்கெல்லாம்?" என்று கிசுகிசுக்கிறார்.

"தப்பா வந்துட்டோம், மன்னிச்சிருங்க" என்று அவள் கிளம்பப் பார்த்தாள். பாத்திரத்தை வைத்திருந்த அம்மாள் நகரவில்லை. "பேர் சரியா இருக்கு. இறந்தவர் இருக்கார். பொண்ணு அழுது அழுது கண்ணு வீங்கியிருக்கா. இதுல என்ன தப்பு? முதல்ல அவளை உக்கார வைங்க" என்று ஆங்கிலத்தில் ஓர் அதட்டுப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். அவர்தான் டெஸ். மூத்த நர்ஸ். அக்காவை அவர்கள் 'ஆத்தே' என்பார்கள், நானும் அன்றிலிருந்து ஆத்தே டெஸ் என்றுதான் கூப்பிடுகிறேன்.

அப்பா, அந்த மேசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொரூபத்தையும் உங்கள் படத்தையும் வைத்து, முன்னால் உங்களுக்கென்று ஒரு தட்டில் சாப்பாடு போட்டார்கள். இஞ்சி மணக்கக் கோழி போட்ட கஞ்சி. பேர் ஸ்பானியப் பேர், ஆனால் அது கஞ்சியேதான். அவர்கள் பாதி மந்திரத்தைத் தங்கள் தகாலோக் மொழியில் சொல்ல, மீதியை நான் தமிழில் சொன்னேன். என் 'புனித மரியே' அவர்கள் பாதியோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒரு ராஜாவின் கப்பல் அவர்கள் கரையில் ஒதுங்கியது, வேறொரு ராஜாவின் கப்பல் நம் கரையில். எத்தனையோ தலைமுறை கழித்து, இரண்டு கரை ஆட்களும் ஓர் அபார்ட்மென்ட் ஹாலில் உட்கார்ந்து தூத்துக்குடிக் கிரேன் ஆபரேட்டர் ஒருவருக்காக அழுகிறோம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒன்பது நாளும் வந்தார்கள். நாலாம் நாள் உங்கள் தட்டுக்காகப் பிரபு சாளைக் குழம்பு வைத்தார், மீன் இல்லாத சோற்றை நீங்கள் தொடமாட்டீர்களே. ஆத்தே டெஸ் ஸ்பூனையும் ஃபோர்க்கையும் ஓரமாக வைத்துவிட்டு விரலால் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டார். "இதெல்லாம் ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. கை எங்களுது" என்றார். முள்ளை எடுத்த லாகவத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் உங்கள் கோபத்தை அவரிடம் சொன்னேன். அப்பாவுக்கு இந்தப் பேரே பிடிக்காது, பிள்ளைக்கு வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். ஸ்பானியக் கவர்னர் ஒருவர் குடும்பப் பெயர்களாகவே ஒரு புத்தகம் போட்டு, ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினாராம். இவர் ஊருக்கு வந்த பக்கத்தில் எல்லாமே 'ஆர்' எழுத்து. "எங்க ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுத்தா ஒரே எழுத்துலதான் ஓடும். வரி வசூலிக்க வசதியா இருக்கட்டும்னு கொடுத்த பேர்மா அது!" என்று சிரித்தார்.

"கோபம் வரலையா ஆத்தே?"

"வரும். உங்கப்பா கோபம் நியாயம்தான். ஆனா பேர் புத்தகத்துலேருந்து வந்தாலும், கடலுக்குப் போய் மூணு நாள் திரும்பாத எங்கப்பாவை அந்தப் பேரைச் சொல்லித்தான் கரையில நின்னு கூப்பிட்டோம். அதுக்கப்புறம் அது எப்படி அவங்க பேரா இருக்கும்?"

அவர் அப்பா திரும்பி வந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நம் வீட்டிலும் கடலுக்குப் போனவர்களை அப்படித்தானே கூப்பிட்டிருப்பார்கள்? மிராந்தா என்று கத்தித்தானே தேடியிருப்பார்கள்?

உங்கள் பேத்தி பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறப்புப் படிவம் கொடுத்தார்கள். முதலில் அவள் பெயர், கடைசியில் பிரபு. நடுவில் ஒரு கட்டம் காலி. ஃபிலிப்பினோக்கள் அந்த இடத்தில் அம்மா வீட்டுப் பெயரை எழுதுவார்கள். கல்யாணமானாலும் அம்மா வீடு காணாமல் போகாது. அதுவும் ஸ்பானியர் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்ததுதானே என்று ஆத்தேயிடம் கேட்டிருந்தேன். "ஆமா, அதுல நல்லதை மட்டும் வெச்சுக்கிட்டோம்" என்றார். நான் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். பிரபு படிவம் நனையாமல் பிடித்துக்கொண்டார். எழுதிவிட்டேன் அப்பா. கயல் மிராந்தா பிரபு.

இன்று வருடம் திரும்பியதால் ஐந்து பேரும் மறுபடி வந்திருந்தார்கள். துக்கம் முடிந்தது, கலர் துணி உடுத்து என்று எனக்கு மஞ்சளில் ஒரு சட்டை. பெரியவர்கள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வது அவர்கள் மரியாதை. கயலைத் தூக்கிப் போய், உங்கள் படத்தில் கிரேன் நெம்புகோலைப் பிடித்திருக்கும் அந்தக் கையில் அவள் நெற்றியை வைத்தார் ஆத்தே டெஸ். அவள் படத்தை நக்கிவிட்டாள். நல்லா நடத்துறியே மரியாதை என்று எல்லோரும் சிரித்தோம்.

அவளுக்குப் பேச்சு வந்ததும் ஊருக்குக் கூட்டி வருகிறேன். நீங்கள் சொன்னபடி உங்கள் கல்லறையில் சூசை என்று மட்டும்தான் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் கூட்டமாட்டேன், அது உங்கள் இஷ்டம். அன்று நான் போடாத ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கயலை முன்னால் நிறுத்தி முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். கரையிலிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்காத ஒரே மகள்,
மெர்லின் மிராந்தா