நூற்றிரண்டு டிகிரி

பிலிமத்தலாவை
ஞாயிற்றுக்கிழமை

மகன் இளங்கோவுக்கு அப்பா எழுதுவது. நீ தோஹாவில் சுகமாக இருக்கிறாய் என்று தெரியும், உன் விளையாட்டை ஒரு நாள்கூட நீ மறக்கவில்லை, அதனால் உன் சுகம் கேட்டு நான் எழுதவில்லை. எங்கள் சுகத்தை நீ கேட்கவில்லை என்பதால் அதை நானே சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் இருக்கிறோம், ஒரு ஆள் குறைந்திருக்க வேண்டியது, மாரியம்மன் புண்ணியத்தில் இரண்டு பேராகவே இருக்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடதாசி எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வெட்டிவிடுகிறாய். கடதாசியை அப்படி வெட்ட முடியாது. இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹபீலின் மச்சான் அஹ்னாப் வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு வருகிறான், இதை உன் கையில் கொடுத்துவிட்டு நீ கடைசி வரி வாசிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். மரியாதை தெரிந்த பிள்ளை, உட்கார்ந்திருப்பான்.

முதலில் உன் லாப்டாப்பைப் பற்றியே எழுதுகிறேன், அது இல்லாவிட்டால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய். அது நன்றாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நீ போகும்போது அங்கே ஒரு அறையில் எட்டுப் பேர், வைக்க இடமில்லை, இங்கேயே விளையாட்டு இரவு பகலாக ஓடட்டும், அணைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நாங்களும் அணைக்கவில்லை. அதற்குள் உன் ஆள் ஒருவன் இடுப்பில் வாளைச் செருகிக்கொண்டு பாறையில் நின்று மீன் பிடித்தான், நான்கு மாதமாகப் பிடித்தான், யாரும் ஒரு மீனைத் தின்று நான் பார்க்கவில்லை. உன் அம்மா அரிசி புடைக்கும்போது அவனைப் பார்த்து "பாவங்க, இவனும் நம்ம புள்ள மாதிரி நின்னுக்கிட்டேதான் வேல பாக்குறான்" என்பாள். நீ சுப்பர் மார்க்கெட் ஸ்டோரில் நிற்பது அவளுக்கு அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை, மீன் மட்டும்தான் தெரிந்தது. நீ காலை, பகல், சாயந்தரம் என்று கூப்பிட்டு "எத்தனை காட்டுது" என்று கேட்பாய், நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையில் சூட்டைக் காட்டும் எண்ணை வாசிப்பேன். எண்பத்தைந்து என்றால் சரி என்பாய், தொண்ணூற்றைந்து என்றால் என்னமோ நான்தான் அதற்குள் அடுப்பு மூட்டியதுபோல் குதிப்பாய். தகரக் கூரை வீடு, மத்தியானம் மனுசனே இருக்க முடியாது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன், அதையும் அந்தப் பக்கமே திருப்பி வைத்தோம். கரண்ட் போனால் ரவுட்டர் சாகும், லாப்டாப் பட்டரியில் ஓடும், உன் அம்மா பழைய கலண்டர் மட்டையை எடுத்து அதற்கு வீசுவாள். எனக்கு அவள் அப்படி வீசியது கிடையாது.

அதில் தூசி படக்கூடாது என்று அவள் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள், டீவிக்கும் போட்டிருக்கிறாள், தையல் மெஷினுக்கும் போட்டிருக்கிறாள், இந்த வீட்டில் உறை இல்லாத சாமான் நான் ஒருவன்தான். வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு நீ அவளிடம் என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா. "அறிவு இருக்காம்மா ஒங்களுக்கு, மூச்சு முட்டிச் செத்துரும் அது" என்று கத்தினாய். செத்துவிடும் என்று உன் அம்மாவைப் பார்த்து நீ பயந்தது அந்தத் தகரப் பெட்டிக்காகத்தான். அவள் உறையைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் கிடைத்தது, "காத்தப் பத்தி ஒங்களுக்கு என்னப்பா தெரியும்" என்று. மடுல்கெல்ல தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் முப்பத்தொரு வருடம் நின்றவனடா நான். கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்றைவிட்டு, எங்கே தடிப்பு, எங்கே சூடு என்று கையை வைத்தே சொன்னவனிடம் காற்றைப் பற்றி நீ பாடம் நடத்துகிறாய். மறுநாளே பலகைச் சட்டம் அடித்து வலை இழுத்துக் கட்டி, அதன்மேல் உன் சாமானை வைத்து அடியில் காற்று போக வழி செய்தேன். இருபது டிகிரி இறங்கியது. நீ ஓகே என்றாய். அவ்வளவுதான் என் முப்பத்தொரு வருடத்துக்கு.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன மாதம் கடைசிப் புதன்கிழமை சாயந்தரம் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு முறித்துப்போட்டதுபோல் கிடந்தாள், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். நீ வேலையில் இருப்பாயே என்று கூப்பிடாமல் குரல் செய்தி அனுப்பினேன், அம்மாவுக்கு மேல் சுடுகிறது, நேரம் கிடைத்தால் பேசு என்று. பிறகு ஃபேனை உன் லாப்டாப்பிடமிருந்து பிடுங்கி அவள் பக்கம் வைத்தேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு நிரோஷா, மருந்துக் கடையில் வேலை செய்கிறாளே அவள்தான், தேர்மோமீட்டர் வைத்துப் பார்த்து நூற்றிரண்டு என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, உன் கோல் வந்தது. எந்த நாளும் "எத்தனை காட்டுது" என்று கேட்கிறவன் அன்று "சூடு எவ்வளவுப்பா இருக்கு" என்று கேட்டாய். இளங்கோ, என் மனது அப்போது குளிர்ந்த குளிர்ச்சி உன் எந்த ஃபேனுக்கும் வராது. பிள்ளை செய்தியைக் கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நூற்றிரண்டு என்றேன். "ஐயோ, நூத்திரெண்டா! எப்ப இருந்து?" என்று அலறினாய். நேற்றுச் சாயந்தரத்திலிருந்து என்றேன். "இவ்வளவு நேரம் ஏன்ப்பா சொல்லல" என்று ஏசினாய், ஏச்சு வாங்கிக்கொண்டு சந்தோசமாக நின்றேன். தொட்டால் கை சுடுகிறதா என்றாய், சுடுகிறது என்றேன். ஃபேனைக் கிட்ட வைக்கச் சொன்னாய், கட்டிலோடு ஒட்டி வைத்தேன். "பின்பக்கம் ரெண்டு கட்டையக் கொடுத்து ஒசத்திவிடுங்க, அடியில காத்து போகட்டும்" என்றாய். ஆஸ்பத்திரியில் கால்பக்கத்தை உயர்த்தி வைப்பார்களே, வெளிநாட்டில் இருக்கிறவன், படித்துத்தான் சொல்கிறான் என்று நானும் முற்றத்தில் கிடந்த இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து, நிரோஷா ஒரு பக்கம் தூக்க, கட்டிலின் கால்மாட்டில் கொடுத்தேன். வைத்துவிட்டேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "இப்ப திருப்பிப் போட்டு அடி மூடியக் கழட்டுங்க, பிரஷ்ஷால தூசியத் தட்டுங்க" என்றாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. செங்கல் தூசி கையோடு நின்றேன். "இன்னும் ஓடவிட்டா எரிஞ்சு போயிரும்ப்பா, இப்பவே அணைங்க" என்று நீ கத்திக்கொண்டிருந்தாய், சரி அணைக்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் நூறு வேறு, மனுசனின் நூறு வேறு என்று பிறகு நிரோஷா சொன்னாள். என் குரல் செய்தியையும் அவள்தான் பார்த்தாள், கேட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் மைக் படம் நீலமாகும் மாமா, இது ஆகவில்லை, இதற்கு முன்னால் அனுப்பிய எட்டும் ஆகவில்லை என்றாள். போன மாதம் பூராகவும் நான் யாரிடமடா பேசிக்கொண்டிருந்தேன்?

டெங்கு. பேராதனை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பல் முரசில் இரத்தம் கசிந்தது, அன்று டொக்டர் என்னை வெளியே போகவிடாமல் வார்ட் வாசலிலேயே இருக்கச் சொன்னார், அந்த வாசலில் நான் இருந்த இருப்பை உனக்கு எழுத மாட்டேன். அந்த ஐந்து நாளில் நீ நான்கு தடவை கூப்பிட்டாய், நான் பேசவில்லை, அதற்குப் பிறகு வந்த கோலையும் எடுக்கவில்லை, அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். பேசியிருந்தால் ஒரு தகப்பன் மகனிடம் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பேன். பிறகு "இன்னும் ஏன் ஆஃப்ல இருக்கு, ரெண்டு நாள் மீன் போச்சு" என்று எழுதி அனுப்பியிருந்தாய். அதை வார்ட் வாசலில் வைத்துத்தான் வாசித்தேன். உன் மீன் போகட்டும்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு லாப்டாப்பை ஹபீலிடம் கொண்டுபோனேன், என் பொறுப்பில் விட்டுப்போன சாமான், கெட்டுப்போனது என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது. திறந்தான், உள்ளே ஃபேன் முழுக்கக் கறுப்புப் பிசின். மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு "அங்கிள், உள்ளுக்கு இருந்து கோயில் வாசம் வருதே" என்று சிரித்தான். உன் அம்மா வேலை. வருகிறவன் போகிறவனெல்லாம் உன் லாப்டாப்பைப் பார்த்து வாய் பிளக்கிறான், கண் படும் என்று வெள்ளிக்கிழமை தோறும் சாமிப் படத்துக்குக் காட்டிய சாம்பிராணியை அதற்கும் காட்டியிருக்கிறாள். அதுவும் நன்றாக இழுத்திருக்கிறது. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்குக் காட்ட முடியாததை அதற்குக் காட்டியிருக்கிறாள். இதற்காக அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயானால் அதோடு எனக்கும் உனக்கும் பேச்சில்லை. ஹபீல் துடைத்து, சூடு தணிக்கிற புதுப் பசை போட்டுத் தந்தான், என் பலகைச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடையில் விற்கிறதைவிட இது நல்லது என்றான். இப்போது அது அலுமாரியில் உறைக்குள் அணைந்து கிடக்கிறது. ஐஸாக இருக்கிறது. ஃபேன் அம்மாவிடம் இருக்கிறது, அதை இனி நான் திருப்ப மாட்டேன், நீ எந்த நாட்டிலிருந்து கத்தினாலும் சரி.

இனித்தான் நான் எழுத வந்தது. அன்று நீ அலறியது உன் அம்மாவுக்குக் கட்டிலில் கேட்டது. யார், என்ன என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை, உன் மகன்தான், உன் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டுப் பதறுகிறான் என்றேன். காய்ச்சலோடு சிரித்தாள். வார்டில் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவுக்குக்கூடத் தன் அரைச் சிங்களத்தில் சொன்னாள், மகன் அங்கே இருந்தே கட்டிலை உயர்த்தச் சொன்னான் என்று. பிறகு ஒவ்வொரு நாளும் அவன் பேசினானா என்று கேட்டாள், நீ தூங்கும்போது பேசினான் என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது, இன்னும் கேட்கிறாள், இன்னும் சொல்கிறேன். என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோய்விட்டது, இளங்கோ.

இதை வாசித்து முடித்ததும் அஹ்னாப்பின் எதிரிலேயே கூப்பிடு. என்னிடம் பேச வேண்டாம், எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, போனை அவளிடம் கொடுக்கச் சொல். சூடு எவ்வளவும்மா என்று கேள். தொண்ணூற்றெட்டு என்பாள், மனுசருக்கு அது சரியான சூடு, நீ பயப்பட வேண்டாம். நான் சொன்ன பொய்யை அவளிடம் உடைத்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, அங்கே வெயிலில் தலையில் துணி போடாமல் நடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கோபக்கார அப்பனுக்கும் வேறு யார் இருக்கிறார்கள், மாரியம்மன் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தச் செங்கல் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, இரவெல்லாம் சறுக்கிச் சறுக்கிப் படுக்கிறாள், விடிந்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். நேற்றும் எடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள வெக்கச் சொன்னது, அவன் சொன்னாத்தான் எடுக்கணும்" என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. மோகனராஜ்