கோட்டுக்காரர் வேஷத்துக்கு நீ சொன்ன ஆள்

என் பிரியமான ஏகாம்பரத்துக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு சேதி இருக்கிறது, உன்னை விட்டால் அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. நம் கோட்டுக்காரர் படத்தை மறுபடியும் எடுத்துவிட்டார்கள்டா.

பத்தாவது படிக்கும்போது ஆவடிக் கொட்டகையில் பார்த்தோமே, அதே துப்பறியும் படம். தொப்பியும் நீளக் கோட்டுமாக வந்து கொலைகாரனைப் பிடிப்பாரே, அவர். இந்த வெயிலில் இந்த மனுஷனுக்கு எப்படிடா வேர்க்கவில்லை என்று நீ அன்றைக்கே கேட்டாய்.

அப்புறம் இருபது வருஷம் வேலைக்குப் போகிற ரயிலில் நமக்கு அதுதான் பேச்சு. இன்றைக்கு அந்தப் படத்தை எடுத்தால் அவர் வேஷத்துக்கு யாரைப் போடலாம்? நீ வேப்பம்பட்டில் ஏறி, பக்கத்து சீட்டில் ஒரு கர்சீப்பைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பாய். நான் நெமிலிச்சேரியில் ஓடிவந்து ஏறி, அதே கர்சீப்பில் முகத்தைத் துடைத்து உன்னிடம் திருப்பிக் கொடுப்பேன். அம்பத்தூர் வருவதற்குள் இரண்டு மூன்று நடிகர்களை ஏற்றி இறக்கிவிடுவோம். எதிர் சீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். நான் சொல்லும் ஆட்கள் எல்லாம் உயரமாக, சிவப்பாக, கனத்த குரலோடு இருப்பார்கள். நீ ஒவ்வொருவரையும் கழித்துக்கட்டுவாய்.

கடைசியில் ஒரு நாள் உன் ஆளைச் சொன்னாய்.

"ஒரு பொம்பளைய போடணும் மச்சான். எங்க கலா பாடி பக்கம் ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டியா நிக்கிறா இல்ல, அந்த மாதிரி. பைய செக் பண்றவள எவன் நிமிந்து பாக்குறான்? ஆனா அவ எல்லாரையும் பாத்துகினே கீறா."

நான் என்ன சொன்னேன்? உனக்கு மறந்திருக்காது.

"உன் பொண்டாட்டிய ஹீரோவா போட்டா நீ ஒர்த்தன்தான் டிக்கெட் எடுக்கணும் மாமே. கேட்டுல நிக்கிற பொம்பள இன்னாத்த துப்பறிவா, காணாம போன டிபன் பாக்ஸயா?"

பெட்டியே சிரித்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அம்பத்தூரில் இறங்கும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு ரோஷம் என்று பேர் வைத்துக்கொண்டு மூன்று பெட்டி தள்ளி ஏறினேன். இனி இவன் எனக்கு இடம் பிடிக்க மாட்டான் என்று நானே முடிவு கட்டினேன். முதலில் அவன் வந்து பேசட்டும் என்று நாளைக் கடத்தினேன். மூன்றாவது வாரம், ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உனக்கு மாலை போட்டபோதுகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சுற்றி ரயில் சிநேகிதர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கேலி பேச வந்த வாய், அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க ஏன் வரவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை கலா போன் செய்தது.

"தாமுண்ணா, அவரு சொல்லிகினே இருப்பாரே, அந்தப் படம் வந்துகீதாம். என்னை இட்டுகினு போறியா?"

என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு மூவரும் அம்பத்தூரில் பார்த்தோம். கோட்டுக்காரர் வேஷத்தில் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், ஏகா. நரை தெரிகிற தலை, சாதாரணப் புடவை. கோட்டு கிடையாது, தாராளமாக வேர்க்கிறது. படத்தில் யாரும் அவளைப் பொருட்படுத்துவதில்லை. அவள் பாட்டுக்கு ஓரமாக நின்று எல்லாரையும் பார்க்கிறாள். இடைவேளைக்கு முன்பே கலா, கொலைகாரன் இன்னார்தான் என்று என் மனைவியின் காதில் சொல்லிவிட்டது. அவனேதான்.

திரும்புகையில் ஸ்டேஷனில் உட்கார்ந்து கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசிய பேச்சு, அவர்கள் சிரித்த சிரிப்பு, நான் பெட்டி மாறியது, எல்லாம். கேட்டுவிட்டுக் கலா சொன்னது:

"நீங்க பேசிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்ணா. தினம் ரெண்டு கர்சீப் எடுத்துகினு போவாரு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உனக்கு சீட்டு போட. நீ மூஞ்சி தொடைக்கிற கர்சீப்ல எப்பவும் உன் தலை எண்ணெ இருக்கும், தொவைச்சு மாளாது. கடைசி மூணு வாரம் எண்ணெ இல்ல. சீட்டு அழுக்கு மட்டும்தான் இருந்துச்சு."

ஏகா, அந்த மூன்று வாரமும் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாயா? நின்றுகொண்டு வருகிறவர்களிடம் "ஆள் வருது" என்று சொல்லிச் சொல்லியே அம்பத்தூர் வரைக்கும் வந்தாயா? நான் மூன்று பெட்டி தள்ளித்தானே இருந்தேன்.

"நீ இன்னா சொன்னேன்னு அவரு என்கிட்ட சொல்லவே இல்லண்ணா" என்றது கலா. என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

நாளைக் காலை நம் பெட்டியில் ஏறுகிறேன். நீ போனபிறகும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள் பலரும் இருப்பார்கள். வேஷத்துக்குச் சரியான ஆளைச் சொன்னவன் நீ, வாய்க்கொழுப்பில் பேசியவன் நான் என்று அவர்கள் எல்லார் காதிலும் விழச் சொல்வேன். இது சத்தியம். உன் கர்சீப் ஒன்றைக் கலாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சொல்லி முடித்துவிட்டு அதில்தான் முகத்தைத் துடைப்பேன். மறுபடி கலாவிடமே கொடுப்பேன். எண்ணெய் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நீ இடம் போட்டு வைத்தும் வராமல் போன
உன் மச்சான் தாமு