அண்ணாவின் இடது கை

ஜூன் 11, 1984. திங்கள்

விடியலிலிருந்து மழை. காலேஜ் திறக்கவில்லை. அப்பா ஆபீசில், அம்மா அடுக்களையில். மாடி முழுக்க என் ராஜ்யம்.

அண்ணா பாதியில் விட்ட கிராஸ்ஓவரை இன்று திறந்தேன். தகரப் பெட்டிதான். பாட்டை இரண்டாகப் பிரித்து, கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சலைச் சின்னதுக்கும் அனுப்பும். பிரிக்கிற வேலை ஆப்-ஆம்ப் என்கிற சிப்புடையது. எட்டுக் கால். எட்டுக்கால் பூச்சி என்று நாமகரணம் ஆயிற்று. அடுத்த வீட்டு மலையாளி ஷாஜிக்கு அது ‘ஆப்பம்’.

வேண்டியது ஒன்றுதான். அண்ணா வாசித்த மிருதங்க கேசட். அவன் மஞ்சள் காமாலையில் போவதற்கு முன் இதே அறையில் பதிந்தது. சின்ன டேப்பில் வலது கை மட்டும் கேட்கும், தகரத்தில் மழை மாதிரி. இடது கையின் ‘தொம்’ வந்ததே இல்லை. 23-ஆம் தேதி வருஷ சிராத்தம். அதுவரை வீட்டில் பாட்டு கூடாது, ரேடியோவில் செய்தி மட்டும். அப்பா சட்டம். சட்டம் முடிகிற அன்று தொம் கேட்டாக வேண்டும்.

பாட்டில்லாமல் பாஸ், அதாவது அடியொலி, சோதிக்கும் முறை (என் கண்டுபிடிப்பு): ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்க வை. காகிதக் கூம்பில் பொரி போடு. காதுக்கு எட்டாத தாழ்ந்த அலையைக் கொடு. பொரி துள்ளினால் பாஸ் பாஸ். துள்ளாவிட்டால் ஃபெயில். மீதிப் பொரி பரீட்சை அதிகாரிக்கு.

ஜூன் 13. புதன்

ஷாஜி வந்தான். “டா, ஆப்பம் வெந்தோ?”

அண்ணா போட்டிருந்த சிப் 741. ஏழு தடவை திருகினாலும் நாலு பேர் சொன்னாலும் ஒன்றும் வராது, அதனால் அந்த நம்பர் என்றேன். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பொரி அசைந்தது. அலை கொடுக்கவில்லை. உள்ளே போகும் ஒயரே கழன்று கிடக்கிறது. கூம்பு மெல்ல உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி.

“நின்றெ வேலையல்லே?” என்றான்.

என் வேலை இல்லை. போன மாதம் அவன் சைக்கிள் மணிக்குள் சுண்ணாம்பு அடைத்தவன் சொன்னால் நம்புவானா. ஆனால் என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டான் போல. குடையை விட்டுவிட்டு மழையில் ஓடினான்.

குடை நல்ல குடை.

ஜூன் 14. வியாழன்

துணி உலர்த்த மாடிக்கு வந்த அம்மா கீழே இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கூம்பின் மேல் உள்ளங்கை.

“அனங்கறதுடா.” அசைகிறதாம்.

“கரண்ட் கோளாறும்மா.”

“உன் சேஷ்டை இல்லையே?”

“இல்லை.”

“தூங்கறச்சே அவன் நெஞ்சு இப்படித்தான் இருக்கும். சின்னதிலே.”

ஈரத்துணி மடியிலேயே இருந்தது. ஸ்விட்சை அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஜூன் 16. சனி

போட் ஏறி எர்ணாகுளம். பிராட்வே. தலைக்கு மேல் தார்ப்பாய், காலுக்குக் கீழ் சேறு.

சிப் கடைச் சேட்டனிடம் சொன்னேன், கூம்பு தானாக அசைகிறதென்று. அம்மா விஷயம் சொல்லவில்லை.

“மோனே, பழைய 741-க்கு அந்த சீக்கு உண்டு. காரணமில்லாதெ ஒந்நு ஞெட்டும்.”

ஞெட்டும் என்றால் திடுக்கிடும். உள்ளே ஏதோ அழுகி, வெளியே வரும் வோல்டேஜ் தானாகக் குதிக்குமாம். ஆம்ப்ளிபயருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருந்தால் அந்தக் குதிப்பு தங்கிவிடும். அண்ணா வைக்கவில்லை. வைத்தால் அடியொலி மெலியும் என்பது அவன் கட்சி. நேரே கம்பி. ஆகவே சிப் திடுக்கிட்டால் கூம்பும் திடுக்கிடும்.

முதலில் 5534 என்ற சிப்பை எடுத்துக் காட்டினார். படு சுத்தம், ஆனால் வாசலில் கொஞ்சம் மின்சாரம் உறிஞ்சும். அண்ணா போட்டிருக்கும் பெரிய ரெசிஸ்டர்களோடு ஒத்துப்போகாது. டி.எல். 071 உறிஞ்சாது, முனகாது. அதே எட்டுக் கால், அதே சாக்கெட்.

“இது இட்டால் அனங்காது. உறப்பு,” என்றார். நிச்சயமாம்.

வாங்கினேன். திரும்புகிற போட்டில் சட்டைப் பையைத் தொடவே பிடிக்கவில்லை.

ஜூன் 18. திங்கள்

071 போட்டேன். கூம்பு கல். தாழ்ந்த அலை கொடுத்தால் பொரி ஒழுங்காக, வரிசையாகத் துள்ளுகிறது. நிறுத்தினால் நிற்கிறது. இதைவிட நல்ல பாஸ் கிடையாது.

சாயா ஆற்றி வைத்துவிட்டு அம்மா வந்தாள். மூன்று நாளாக இதே நேரம். உள்ளங்கை வைத்தாள். காத்திருந்தாள். மழைச் சத்தம் மட்டும்.

பெட்டிக்குப் பின்னால் நான். பாக்கெட்டில் டார்ச் பாட்டரி. ஸ்பீக்கர் ஒயரில் தொட்டால் கூம்பு துள்ளும், ஷாஜியை நூறு தடவை பயமுறுத்திய வித்தை. தொட்டேன்.

அம்மா கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

“பாட்டரியை எடுத்துடு.”

எடுத்தேன்.

“அது மெதுவா வரும். இது நீ தட்டினது.”

பழைய 741-ஐத் திரும்ப வைத்தேன். சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஜூன் 21. வியாழன்

மழை விட்டு வெயில். எரிச்சல்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அது அண்ணா இல்லை, கெட்டுப்போன சிப். பொரி சோதனை காட்டினேன். 741 இருந்தால் அலை வரும்போதும் அது பாட்டுக்குத் திடுக்கிடுகிறது, பொரி கண்டபடி சிதறுகிறது.

“இது இருந்தா கேசட்டிலே அவன் இடது கை கேக்குமோ?”

“இது முனகறதுக்குள்ளே முங்கிப் போயிடும்.”

“மத்ததைப் போட்டா?”

“கேக்கும். ஆனா அனங்காது.”

கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு தடவை அது வெளியே வந்தது. உள்ளே போகும்வரை கையை வைத்திருந்தாள்.

“சிராத்தம் கழிஞ்சு எடு. அதுவரைக்கும் இருக்கட்டும்.”

கீழே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

ஜூன் 23. சனி

சிராத்தம் முடிந்து வாத்தியார்கள் போயாயிற்று. அப்பா கீழே சாய்வு நாற்காலியில். “மாடியிலே என்ன வேணா வெச்சுக்கோ,” என்றார். அதுதான் அனுமதி.

அம்மா எதிரிலேயே சிப்பை மாற்றினேன். கதவைச் சாத்தினாள். சோதனைக்குப் பாட்டு எதுவும் போடவில்லை. நேரே கேசட்.

முதலில் வலது கை. பிறகு,

தொம்.

தரை வாங்கிக்கொண்டது. அம்மாவின் உள்ளங்கை கூம்பில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டில். விரல்கள் கூடவே தாளம் போட்டன. ஒரு இடத்தில் அண்ணா பிந்தினான். “அங்கே எப்பவும் பிந்துவான்,” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

வாசிப்பு முடிந்தது. வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுவோம், மிச்சம் இரைச்சல்தானே என்று. இன்று கை போகவில்லை.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ. சின்ன டேப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. மிருதங்கத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு பலகைத் தரையில் வெறுங்கால். இதே தரை. இடம் விட்டு, இடம் விட்டு, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கனமாக. டேப்பை நிறுத்த எழுந்து வருகிறான், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். நேராக எங்களைப் பார்த்து வந்து, நின்றான்.

டக்.

அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

படியில் யாரும் இல்லை. அவள் சாத்தவும் இல்லை.