முப்பது சென்டிமீட்டர் மூச்சு

பதிவு 211. திங்கட்கிழமை, காலை

தென்முனைச் சுரங்க நிலையம், நிலா. மருத்துவ அறை. எழுதுபவர் சவரிமுத்து, நிலைய மருத்துவர்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி சரி. துளையிடும் பிரிவில் ஒருவருக்கு விரல் நசுங்கியது. நகத்தை எடுத்துக் கட்டுப் போட்டேன். இருவருக்குக் கண்ணில் நிலாத்தூசி. கழுவி அனுப்பினேன். இந்த நிலையத்துக்கு எலும்பு முறிவு பார்க்கும் ஒரு மருத்துவன் போதும் என்பது நிறுவனத்தின் முடிவு. இதுவரை போதுமாகத்தான் இருந்தது.

முதுகுவலி என்று உமையாள் வந்திருக்கிறார். துளைப் பொறியாளர். ஏழாம் மாதம். கணவர் அடைக்கலம் இங்கேயே வண்டி ஓட்டுகிறார். நிலையத்தில் கர்ப்பம் கூடாது என்பது விதி. உமையாள் எதையும் மறைக்கவில்லை. தெரிந்த வாரமே தலைமையகத்துக்கு எழுதி, பூமிக்குத் திரும்ப இடம் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு கலங்கள் போய்விட்டன. இரண்டிலும் தாது ஏற்றினார்கள். ஆளுக்கு இடமில்லையாம்.

சற்று முன் பரிசோதித்தேன். இது முதுகுவலி இல்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது.

பதிவு 212. திங்கள், மாலை

பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறாள்.

பாறைத் துண்டுகளை நிறுக்கும் தராசில் வைத்தேன். ஆயிரத்து நூறு கிராம். என் உள்ளங்கையும் மணிக்கட்டும் போதும் அவளைத் தாங்க. பிறந்ததும் ஒருமுறை பூனைக்குட்டி போலக் குரல் கொடுத்தாள். பிறகு முனகல். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தது. உதடு நீலம்.

நுரையீரலின் நுண்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான திரவம் சுரக்க வேண்டும். இவளுக்கு இன்னும் சுரக்கவில்லை. அதை மருந்தாகவே செய்து சிறு குப்பியில் விற்கிறார்கள். நான்கு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தேன். "நிலையத்தில் பிரசவம் நடக்காது என்பதால் தேவையில்லை" என்று பதில் வந்தது.

பூமியைக் கூப்பிட்டேன். மதுரையில் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் மெஹருன்னிசா கிடைத்தார். எனக்கு அவரை முன்பின் தெரியாது. பதறாமல் சொன்னார்: "மூக்குல டியூப் வைங்க. காத்தோட ஆக்ஸிஜன் கலந்து விடுங்க. வெளிய போற குழாயோட முனைய ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் முக்குங்க. அந்த அழுத்தம் நுரையீரல் பையை மூடவிடாது."

அப்படியே செய்தேன். தண்ணீரில் குமிழி வந்தது. குழந்தை நீலமாகவே இருந்தது. குழாயை மாற்றினேன். மூக்கைத் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெஹருன்னிசாவின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"டாக்டர்! உங்க ஊர்ல தண்ணிக்கு வெயிட்டே கிடையாதே! ஆறுல ஒரு பங்குதானே! இன்னும் ஆழமா விடுங்க. முப்பது! முப்பது சென்டிமீட்டர்!"

அவ்வளவு உயரப் பாட்டில் இங்கே இல்லை. ஹைட்ராலிக் எண்ணெய் வரும் குழலைக் கழுவி, அடியை அடைத்து, தண்ணீர் நிரப்பி நட்டேன். குழாயை முப்பது வரை இறக்கினேன். உதடு மெல்ல மெல்ல வெளுத்தது, பிறகு சிவந்தது.

அந்தப் பக்கம் மெஹருன்னிசா அழுதார் என்று நினைக்கிறேன். சிக்னல் இரைச்சலாகவும் இருக்கலாம்.

பதிவு 213. செவ்வாய், மாலை

மூச்சு விட மறக்கிறாள். இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல். பாதத்தைச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி இழுக்கிறாள். மூளையில் மூச்சுக்கான பகுதி இன்னும் முதிரவில்லை.

இதற்குக் காஃபீன் கொடுக்கலாம். காஃபீன் இங்கே பெட்டி பெட்டியாக இருக்கிறது. இரட்டை ஷிப்டில் ஆட்கள் தூங்கிவிடாமலிருக்க நிறுவனம் அனுப்பிய மாத்திரை. அது மட்டும் ஒருமுறைகூடத் தீர்ந்ததில்லை. மெஹருன்னிசா சொன்ன அளவில் கரைத்து, வயிற்றுக்குப் போகும் குழாயில் விட்டேன். மதியத்துக்குள் மறதி பாதியாகக் குறைந்தது.

தலைமையகத்தில் செயல் அலுவலர் தேசிகனிடம் அவசரக் கலம் கேட்டேன். பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"டாக்டர், உங்க உணர்வைப் புரிஞ்சுக்கறோம். ஆனா அவசரக் கலம் பணியாளர்களுக்கு மட்டும்தான். குழந்தை பணியாளர் இல்லை. தாய் நல்லா இருக்காங்கன்னு நீங்களே அறிக்கை கொடுத்திருக்கீங்க. வெள்ளிக்கிழமை தாதுக் கலம் திட்டப்படி கிளம்பணும்."

நன்றாக இருக்கிறார் என்று எழுதிய கை என்னுடையது. அந்த அறிக்கையை என் கழுத்தில் கயிறாக மாட்டுகிறார்.

பதிவு 214. புதன், மாலை

இப்போது இதயம்.

கருவில் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் ரத்தம் நுரையீரலைத் தாண்டிப் போக ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு மூடவில்லை. ஸ்டெதஸ்கோப்பில் இடைவிடாத இரைச்சல் கேட்கிறது. உள்ளங்கையில் நாடி துள்ளுகிறது. ரத்தம் நுரையீரலுக்குள் வெள்ளமாகப் பாய்கிறது. காலையில் குறைத்த ஆக்ஸிஜனை மறுபடி கூட்டிவிட்டேன்.

மெஹருன்னிசா: "பாராசிட்டமால் இருக்கா? சாதாரணக் காய்ச்சல் மருந்துதான். அது அந்தக் குழாய மூட வைக்கும். அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. மூடினதுக்கு அப்புறம்தான் பயணம். அதுவரை அசைக்காதீங்க. இன்னொண்ணு முக்கியம் டாக்டர், எடையில்லாத இடத்துல அந்தத் தண்ணி"

இணைப்பு அறுந்தது.

கோளாறு என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடினேன். பிறகு தலைமையகத்திலிருந்து தேசிகன் இணைப்பில் வந்தார். "அனுமதியில்லாத வெளித்தொடர்பை நிறுத்தியிருக்கோம். சட்டப் பிரிவு பார்க்கணும். ரெண்டு நாள் ஆகும்."

நான் சொன்ன வார்த்தைகளை எழுதவில்லை. உமையாள் குழந்தையின் காலைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் சத்தமா திட்டுங்க டாக்டர்" என்றார்.

பதிவு 215. வெள்ளி, காலை

இரைச்சல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். உமையாளிடமும் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தேன். லப், டப். நடுவில் ஒன்றுமில்லை. காய்ச்சல் மருந்து மூடிவிட்டது.

நுரையீரல் தோற்றுக்கொண்டிருக்கிறது. சிலிண்டர்கள் ஒரு வாரத்துக்குத் தாங்கும், அவள் தாங்க மாட்டாள். அந்தக் குப்பி மருந்தும் உண்மையான சுவாசக் கருவியும் வேண்டும். இரண்டும் பூமியில் இருக்கின்றன.

வெளியே தாதுக் கலம் நிற்கிறது. அதில் ஆபத்துக்கென்று இரண்டு இருக்கைகள் உண்டு. தாதுவின் எடையைக் குறைத்தால்தான் அவற்றில் ஆள் ஏற முடியும். இன்று காலை ஷிப்டுக்கு யாரும் போகவில்லை. யார் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் உடை மாட்டிக்கொண்டு ஏவுதளத்துக்குப் போய், கையால் தாதுவை அள்ளிக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். விரல் நசுங்கியவரும் அங்கே நிற்கிறார்.

தேசிகன்: "இது திருட்டு, டாக்டர். அந்தக் கலம் கிளம்பினா கடல்ல உங்களை எடுக்க எங்க கப்பல் வராது."

அடைக்கலம் என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "வராட்டி போ. எம்புள்ள ஒங்க ஆளு இல்லேன்னியே, அப்ப அவளுக்கு ஒஞ்சட்டமும் இல்ல. வையிடா போன."

இரண்டே இருக்கைகள். உமையாளும் நானும். கலத்தை ஏவ இங்கே ஒருவர் வேண்டும், அதற்காக அடைக்கலம் தங்குகிறார். குழந்தையின் நெற்றியில் விரல் வைத்தார். அந்த விரலே அவள் நெற்றியை மறைத்தது. "கெளம்புங்க டாக்டரே. இவனுங்க பேசிக்கிட்டேதான் இருப்பானுங்க."

பதிவு 216. கலத்துக்குள். சனி என்று நினைக்கிறேன்

மெஹருன்னிசா சொல்ல வந்தது இதுதான். எடையில்லாத இடத்தில் தண்ணீருக்கு அழுத்தமே இல்லை. குழல் வெறும் குழல்.

கையால் அழுத்தும் பையை வைத்துச் சமாளிக்கிறோம். முழுவதும் விடாமல் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். கூடினால் நுரையீரல் வெடிக்கும். குறைந்தால் மூடும். உமையாள் ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம். பிரசவமாகி ஐந்து நாள்தான் ஆகிறது அவருக்கு. பாலைப் பீய்ச்சி ஊசியில் எடுத்து, துளித்துளியாகக் குழாயில் விடுகிறார். காஃபீன் மாத்திரையில் ஆளுக்கு ஒன்று விழுங்கினோம்.

என் விரல்கள் மடங்கியபடியே நிற்கின்றன. நிமிர்த்த முடியவில்லை.

இதை எடுப்பவர் யாராயினும், நாங்கள் மூவரும் இறந்து கிடந்தால், சாவுக்குக் காரணம் நுரையீரல் என்று எழுதாதீர்கள். இதயம் என்றும் எழுதாதீர்கள். இதயத்தை நாங்கள் சரி செய்துவிட்டோம். மருந்து இருந்தது. கலம் இருந்தது. இடமில்லை என்றார்கள். பாறைக்கு இடம் இருந்தது. எழுத முடியவில்லை, என் முறை

பதிவு 217. கடல். பகல்

இறங்கிவிட்டோம். கலம் ஆடுகிறது. கை கனக்கிறது, எல்லாமே கனக்கிறது. அவள் உயிரோடு இருக்கிறாள். கலத்தில் ஏற்ற முடிந்த ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் பூஜ்யத்தைத் தொடுகிறது. உதடு மறுபடி நீலமாகிறது. உமையாள் பையை அழுத்துகிறார்.

வராது என்ற கப்பல் வந்துவிட்டது. சன்னலில் தெரிகிறது. ரேடியோவில் தேசிகனின் குரல், தேன் மாதிரி:

"வாழ்த்துகள் டாக்டர்! அந்த மதுரை டாக்டர் எல்லாத்தையும் வெளிய சொல்லிட்டாங்க. உலகமே பார்த்துக்கிட்டு இருக்கு. நிலாவுல பிறந்த முதல் குழந்தை, நம்ம நிறுவனத்தோட குழந்தை!"

மெஹருன்னிசா கப்பலில் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவங்க கரையில காத்திருக்காங்க. கப்பல்ல இடம் இல்ல. கேமரா ஆளுங்க நிறைய."

அடைக்கலம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷத்துல நேரலை, டாக்டர்" என்றார்.

கதவைத் தட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர்: "திறக்கும்போது குழந்தைய முன்னால பிடிச்சுக்கோங்க சார், நேரலையில இருக்கோம். கொஞ்சம் சிரிங்க."

உமையாள் தலையை ஆட்டுகிறார். திறக்காதே என்கிறாரா, திற என்கிறாரா என்று தெரியவில்லை. அவர் கை பையிலிருந்து ஒரு நொடியும் விலகவில்லை.

திறக்கிறேன். ஆக்ஸிஜன் அவர்களிடம் இருக்கிறது.