பரண் வாசலுக்கு ஒரு மூடி

“அப்ப நான் வேணும்னேதான் பெருசா செஞ்சேங்கறியா, மைரி?” என்று நேற்று ராத்திரி கேட்டுவிட்டு நீ படுக்கப் போய்விட்டாய்.

ஃபெர்கஸ், நான் அப்படிச் சொல்லவில்லை. பரணுக்கு ஏறும் கூரை வாசலை, குளிர் இறங்காமல் மேலிருந்து கவிழ்த்து மூடுகிற தெர்மாகோல் பெட்டி அந்த வாசலைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அதைச் சமையலறையிலேயே ஒட்டி முடித்தால் எப்படி மேலே போகும்?

என் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர இப்போது கிளம்புகிறேன். அவருடைய கட்டில் அந்த வாசலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் குளிரை அவர் நெஞ்சு தாங்காது. பெட்டியின் மூலைகளைக் கத்தியால் பிரித்து, பலகைகளை மேலே கொண்டுபோய், பரணிலேயே உட்கார்ந்து ஒட்டு. நான் படிக்கிற ரஷ்ய நாவல்களில் கோபம் வந்தால் கணவர்கள் குதிரை ஏறிப் போய்விடுகிறார்கள். நீ ஏணியாவது ஏறு.

அடுப்பில் பார்லி சூப் இருக்கிறது. அவருக்கும் கொஞ்சம் வை.

பி.கு: “உங்கப்பா என்னை ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா?” என்றாயே, அது உண்மைதான்.

இன்னொன்று: கார் சத்தம் கேட்டதும் நீயே கதவைத் திறந்து, “உள்ள வாங்க” என்று அவரிடம் சொல்வாயா?