கிளம்புகிறவர்கள் கேட்ட ஐஸ்க்ரீம்

ஜூன் 10, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெளியே நிற்க முடியவில்லை. ஸ்டியரிங் கையைச் சுட்டது.

சனிக்கிழமைக்கு: க்ரீம் 6 டப்பா, கல் உப்பு 2 பை, ஐஸ் 8 பை, காகிதக் கிண்ணம். கையால் சுற்றும் ஐஸ்க்ரீம் மெஷினின் கைப்பிடி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

மதியம் முரளி போன். எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் ஐஸ்க்ரீம் சனிக்கிழமைக்கு இந்த வருடம் அவர்தான் பொறுப்பு. "பாஸ், இந்த வாட்டி வெறும் வெனிலா, சாக்லேட் போதும். யாரையும் ஃப்ளேவர் கேக்க வேணாம்."

ஏன் வேண்டாம்? பதினோரு வருட வழக்கம். டெக்சஸில் நாங்கள் இருக்கும் இந்தக் கேட்டி ஊரை விட்டு எந்தக் குடும்பம் கிளம்புகிறதோ, அவர்கள் கேட்கும் ஐஸ்க்ரீம்தான். கைப்பிடியை முதலில் சுற்றுவதும் அவர்கள், முதல் கிண்ணமும் அவர்களுக்கு. டல்லாஸ் போனவர்கள் இஞ்சி கேட்டார்கள், செய்தோம். சியாட்டில் போன டாக்டர் நன்னாரி கேட்டார். கண்றாவியாக வந்தது. ஆனாலும் ஒருவர்கூட மிச்சம் வைக்கவில்லை.

இந்த வருடம் கிளம்புவது செந்தில் குடும்பம். பிரமோஷனில் போகவில்லை, அதுதான் குற்றம். லே-ஆஃப். வேலை போனால் நாட்டை விட்டுக் கிளம்ப விசா தரும் அறுபது நாளில் மிச்சம் பன்னிரண்டு. கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

முரளி: "அவங்க வந்தா எல்லாருக்கும் மூட் அவுட் பாஸ். பாதிப் பேருக்கு க்ரீன் கார்டு பெண்டிங். அவங்களுக்கும் சங்கடம்தானே? அதான் அவங்களுக்கு மட்டும் ஈவைட் இன்விடேஷன் அனுப்பல."

என்ன ஒரு அக்கறை! நான் சொன்ன பதில்: "ம்." மீட்டிங் இருந்தது.

ஜூன் 11, புதன்

வெயில். பல் டாக்டர் அப்பாயின்மென்ட் தள்ளிப் போட்டேன்.

குரூப்பில் போட ஒரு மெசேஜ் எழுதினேன், பதினாலு வரி. 'மனுஷத்தன்மை' என்ற சொல் மூன்று இடத்தில். அழித்துவிட்டேன்.

என் மனைவி சுபா எட்டிப் பார்த்தாள். "அனுப்பிட வேண்டியதுதானே? எங்கிட்ட மட்டும் கத்துங்க."

முரளி என் கம்பெனியில் எனக்கு இரண்டு படி மேலே. இன்னொரு லே-ஆஃப் லிஸ்ட் வருகிறது என்று பேச்சு. இதை சுபாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஜூன் 12, வியாழன்

இந்தியக் கடை. கறிவேப்பிலை வாங்கப் போனேன். செந்திலின் மனைவி வித்யா, காலி அட்டைப்பெட்டி கேட்டு நின்றிருந்தாள்.

"ஏனுங்ணா, இந்த வருஷம் ஐஸ்க்ரீம் எப்பங்க?"

"இன்னும் டேட் ஃபிக்ஸ் ஆகலம்மா."

"சரிங்ணா."

அவ்வளவுதான். பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். பெரிய உதவி! ஃப்ரீவேயில் முரளியை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். கறிவேப்பிலை வாங்கவில்லை.

ஜூன் 14, சனி

கிளப்ஹவுஸில் நாற்பது பேர். மழை வருமா என்று ஆளாளுக்கு ஃபோனைப் பார்த்தார்கள். வராது.

மெஷினில் க்ரீம், ஐஸ், உப்பு எல்லாம் போட்டாகிவிட்டது. அனிகா, செந்தில் மகள் யாழினியின் வகுப்புத் தோழி, என்னிடம் வந்தாள். "அங்கிள், வேர் இஸ் யாழினி? ஷி கோஸ் ஃபர்ஸ்ட், ரைட்?"

முரளி சிரித்துக்கொண்டே, "நீயே சுத்தும்மா" என்றார்.

சிரித்தார்! அதற்கு மேல் முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "செந்தில் குடும்பம் ஊருக்குக் கிளம்புது. அவங்களக் கூப்பிடல. கூப்பிட வேணாம்னு முரளி சொன்னாரு, நானும் ம்-னு கேட்டுக்கிட்டேன்." மெஷினை வாளியோடு தூக்கினேன்.

"பாஸ், அது கம்யூனிட்டி மெஷின்."

"கராஜ் சேல்ல நான் வாங்கினது!"

சுபா ஓடிப்போய் கார் ட்ரங்க்கைத் திறந்தாள்.

செந்தில் வீடு நான்கு தெரு தள்ளி. சோபா போய்விட்டது, தரையில் மெத்தை. "வாங்ணா, வாங்ணா" என்று செந்தில் பதறிப்போய் வரவேற்றான். யாழினியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை: "சப்போட்டா." சுபா கடைக்குப் போய் உறைந்த சப்போட்டா விழுது வாங்கி வந்தாள். செந்தில் சுற்ற ஆரம்பித்தான்.

கிளப்ஹவுஸில் நான் பேசியதை ஒரு வரி விடாமல் சொன்னேன். முரளியின் மூஞ்சி போன போக்கையும். செந்தில் சிரித்தான். வித்யா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அனிகா அம்மா ஞாயித்துக்கெழமையே ஈவைட்ட எனக்கு ஃபார்வர்டு பண்ணிட்டாங்ணா. அது தெரிஞ்சுதான் கடைல உங்ககிட்டக் கேட்டேன். நீங்களாச்சும் நெசத்தச் சொல்லுவீங்கன்னு."

செந்தில் சுற்றுவதை நிறுத்தினான். "விடு வித்யா."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

முதல் கிண்ணம் யாழினிக்கு. பிறகு வித்யா எங்கள் இருவருக்கும் எடுத்துக் கொடுத்தாள். ஸ்பூனெல்லாம் பேக் பண்ணியாகிவிட்டது, எனக்காக ஒரு பெட்டியைப் பிரித்து ஒன்றைத் தேடி எடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.