கோல்மான் பேசும் மொழி

அன்பு பெகீன் அக்காவுக்கு,

பாஸ்டனில் குளிர் எப்படி? முழங்கால் வலி தேவலையா? நான் ஒருவழியாக உங்கள் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். காற்று பலமாக இருந்ததால் ஒரு நாள் முழுக்கப் படகே விடவில்லை. மறுநாள் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. பக்கத்திலிருந்த உங்கள் ஊர்க்காரர், "இன்னிக்கு கடல் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எனக்கு வயிற்றெரிச்சல்.

ஐரிஷ் மொழிப் பள்ளியில் என்னைத் தவிர எல்லாரும் சின்னப் பிள்ளைகள். நான் என்ன செய்ய? பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் தம்பி கோல்மானுக்கு ஆங்கிலம் சுத்தமாகப் போய்விட்டது. டப்ளின் பராமரிப்பு விடுதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஐரிஷ் பேச்சில் ஏதேதோ சொல்கிறார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் மரம்மாதிரி நிற்கிறேன். இங்கே வாத்தியார் 'மழை பெய்கிறது' என்று சொல்லக் கற்றுத்தருகிறார்.

நேற்று நீங்கள் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை விழுந்துவிட்டது. பின்னாலுள்ள நிலத்தின் கற்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தும் வழியே இல்லை. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார ஸோர்கா சிரித்தாள். கல்லை இறக்கிவிட்டு உள்ளே போய், திரும்பும்போது அடுக்கிவிட வேண்டுமாம். அதையும் ஜாடையில்தான் காட்டினாள். அவள் வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவரை அடுத்த படகிலேயே அனுப்பிவிடுவார்கள், அது பள்ளியின் சட்டம்.

ஸோர்கா உங்கள் தம்பியோடு படித்தவளாமே. மாலையில் விடுதிக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. ஆனால் போனை வைத்த ஸோர்காவின் முகம் சரியாக இல்லை. என்ன சொன்னார் என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"அங்க ஒரு பொம்பள தினம் வந்து ஊட்டிவிடுறாளாம். ரொம்ப நல்லவளாம். அவள வீட்டுக்குப் போகச் சொல்லு, புருஷன் காத்துக்கிட்டு இருப்பான்கிறான். அடேய், அவதான்டா உன் பொண்டாட்டின்னேன். எனக்கேது கல்யாணம்னு சிரிக்கிறான்" என்றாள்.

அக்கா, உங்கள் குரலை அவர் மறந்திருக்கமாட்டார். தயவுசெய்து ஒருமுறை போன் செய்யுங்கள். நான் மனைவி என்று சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம். அந்தப் பெண்ணுக்காக வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, அவள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்,
ஹிலரி